வாசலிலிருந்து சென்னை வரை: மேட்டுப்பாளையத்துக்காரருக்கான தூரக் கணக்கு

கோவையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒரு மணி பத்து நிமிடம். டிக்கெட்டில் அப்படித்தான் போட்டிருக்கும், அது பொய்யும் இல்லை. ஆனால் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு அருகே குடியிருக்கும் ஒருவர் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து சென்னை உயர் நீதிமன்ற வாசலை மிதிக்கும்வரை கடிகாரத்தைப் பார்த்தால் ஐந்து மணி நேரம் தாண்டியிருக்கும். பறக்கும் நேரத்தை மட்டும் நம்பிக் கிளம்புகிறவர்கள்தான் செக்-இன் கவுன்ட்டர் மூடிய பிறகு வியர்க்க விறுவிறுக்க ஓடி வருகிறார்கள். மிச்ச நான்கு மணி நேரம் எங்கே போகிறது, அதில் எதைக் குறைக்கலாம், எப்போது விமானத்தை விட்டுவிட்டு ரயிலேறுவது நல்லது என்பதெல்லாம் இந்த அத்தியாயத்தில் வரும்.

எத்தனை கிலோமீட்டர்?

சென்னை–கோவை தூரத்தைத் தேடினால் 404, 426, 497, 510 என்று ஆளுக்கொரு எண் சொல்வார்கள். எல்லாமே சரிதான், அளந்த இடங்கள்தான் வேறு வேறு. மீனம்பாக்கம் ஓடுதளத்திலிருந்து பீளமேடு ஓடுதளத்துக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 404 கிலோமீட்டர். அதே நேர்கோட்டை நகர மையத்திலிருந்து நகர மையத்துக்குப் போட்டால் 426 வரும், ஏனென்றால் சென்னை விமான நிலையம் நகரத்துக்குத் தென்மேற்கிலும் கோவை விமான நிலையம் நகரத்துக்குக் கிழக்கிலும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து நிற்பதால் இருபது கிலோமீட்டர் மிச்சம். காட்பாடி, ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு வழியாகத் தண்டவாளத்தில் போனால் ஐநூறுக்குச் சற்றுக் குறைவு. சாலையில் ஐநூறுக்குச் சற்று மேல்.

சில இடங்களில் 251 என்றோ 218 என்றோ கண்ணில் படும். முதலாவது மைல், இரண்டாவது விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். எந்த அளவு என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வேகக் கணக்குப் போட்டால் விடை தாறுமாறாக வரும்.

மேட்டுப்பாளையத்தை வைத்து அளந்தால் இன்னொரு விஷயம் தெரிகிறது. நேர்கோட்டில் நம் ஊரிலிருந்து சென்னை சென்ட்ரல் 413 கிலோமீட்டர் போல. கோவை நகரத்தைவிட நாம் சென்னைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கிட்டத்தில் இருக்கிறோம். ஆனாலும் விமானம் பிடிக்க முதலில் தெற்கே, கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர் சாலையில் இறங்க வேண்டும். நம் பயணத்தின் பாதிச் சிக்கல் இந்த நாற்பது கிலோமீட்டரில்தான் இருக்கிறது. அதை விரிவாகவே பார்ப்போம். அதற்கு முன் வானத்தில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஒரு மணி பத்து நிமிடம்

விமான அட்டவணையில் போட்டிருக்கும் நேரம், சக்கரத்துக்கு அண்டக் கொடுத்த கட்டையை எடுத்து விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து, மறுமுனையில் நின்று மீண்டும் கட்டை கொடுக்கும்வரை உள்ள நேரம். அதற்குள் ஓடுதளம்வரை உருண்டு போவது, முன்னால் நிற்கும் விமானம் கிளம்பக் காத்திருப்பது, சென்னையில் இறங்க வரிசை வருவது எல்லாம் அடக்கம். உண்மையில் தரையைவிட்டு மேலே இருப்பது முக்கால் மணி நேரத்தை ஒட்டித்தான். அதிலும் ஏறுவதற்கு ஒரு கால் மணி, இறங்குவதற்கு ஒரு கால் மணிக்கு மேல். மணிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடிய ஏர்பஸ், இந்தத் தடத்தில் அந்த வேகத்தில் சீராகப் பறப்பது பத்து நிமிடம் போல. ஏடிஆர் ரகச் சிறிய சுழலி விமானம் என்றால் வேகம் மணிக்கு ஐநூறு கிலோமீட்டர் போலத்தான், ஆகவே பயணம் இன்னும் கால் மணி நேரம் நீளும். டிக்கெட் எடுக்கும்போது எந்த விமானம் என்று போட்டிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவை ஓடுதளம் வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. நீளம் 2,990 மீட்டர். சென்னை இருப்பதும் வடகிழக்கில்தான். வடகிழக்கு முகமாக எழும்பினால் விமானம் ஏறக்குறையச் சென்னையைப் பார்த்தே எழும்புகிறது. ஆனால் விமானம் வழக்கமாகக் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், எதிர்த்துத்தான் இறங்கும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று வீசி அடிக்கும்போது தென்மேற்கு முகமாக எழும்பி, வளைந்து திரும்பிச் சென்னைப் பாதைக்கு வர வேண்டியிருக்கும். சில நிமிடம் கூடும். அதே காற்று சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு வசதி, வந்த திசையிலேயே நேராக இறங்கிவிடலாம். ஆடிக் காற்றில் இறங்கும்போது விமானம் கொஞ்சம் குலுங்கும், பயப்பட ஒன்றுமில்லை. பெல்ட்டை மட்டும் இறுக்கிக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து விமான நிலையம் வரை

கோவை விமான நிலையத்துக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து காரில் போக இரண்டு வழி. முதல் வழி காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் வந்து அங்கே இடதுபுறம் திரும்பி, வெள்ளக்கிணறு, சரவணம்பட்டி, காளப்பட்டி வழியாகப் போவது. நகரத்துக்குள் நுழைய வேண்டாம். நாற்பது கிலோமீட்டரை ஒட்டி வரும். இரண்டாவது, அன்னூர் போய் சத்தி ரோட்டில் கோவில்பாளையம் வழியாகச் சரவணம்பட்டி வந்து சேர்வது. சில கிலோமீட்டர் கூடுதல், ஆனால் காரமடைக்கும் துடியலூருக்கும் நடுவே கூட்டம் நெருக்கும் நேரத்தில் அன்னூர் ரோடு கைகொடுக்கும். ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அன்றைக்கு எது நல்லது என்று அவரே சொல்லிவிடுவார்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அப்போது ரோட்டில் உங்களோடு வருவது மண்டி லாரிகளும் பால் வண்டிகளும்தான். உருளைக்கிழங்கு மண்டிப் பக்கம் மூட்டை இறங்கும் நேரம் என்பதால் ஊருக்குள் மட்டும் சற்று ஊர்ந்து போக வேண்டியிருக்கும். காரமடை தாண்டினால் வேகம் பிடிக்கலாம். காலை எட்டிலிருந்து பத்து வரை கதையே வேறு. பள்ளிக்கூட பஸ்கள், கம்பெனி பஸ்கள், சரவணம்பட்டி ஐடி நிறுவனங்களுக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ரோட்டில் இருப்பார்கள். துடியலூர் சந்திப்பும் சரவணம்பட்டி சிக்னலும் சேர்ந்து அரை மணி நேரத்தை விழுங்கிவிடும். அந்த வேளையில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். மாலை ஐந்தரைக்கு மேலும் இதே கணக்குத்தான்.

வாடகைக் கார் ஏறும்போது பெரியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏனுங் தம்பி, பிளேன் ஒரு மணி நேரத்துல போயிருமாமா, அப்பறம் எதுக்குங்க இப்படி இருட்டுல கெளம்பச் சொல்றீங்க?" "பிளேன் போயிருமுங்கய்யா, நாம அதுக்குள்ள போயி ஏறோணுமல்லங்க" என்பார் ஓட்டுநர். முழுக் கணக்கும் அந்தப் பதிலில் இருக்கிறது.

உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். ஏறும் வாசல் இருபத்தைந்து நிமிடம் முன்பு மூடும். வாசலில் அடையாள அட்டை, பிறகு லக்கேஜ் போடும் வரிசை, பிறகு பாதுகாப்புச் சோதனை. எட்டு மணி விமானத்துக்கு ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். அப்படியென்றால் மேட்டுப்பாளையத்தில் ஐந்தேகாலுக்குக் கார் நகர வேண்டும். கையில் தூக்கும் பை மட்டும்தான், போர்டிங் பாஸும் செல்போனில் எடுத்தாயிற்று என்றால் ஏழு மணிக்குப் போனாலும் சமாளிக்கலாம். முகத்தைக் காட்டி உள்ளே போகும் டிஜியாத்ரா வசதியும் 2024 முதல் கோவையில் இருக்கிறது. அடிக்கடி போகிறவர்கள் செல்போனில் பதிந்து வைத்துக்கொள்ளலாம்.

பஸ்ஸில் போவதாக இருந்தால் கணக்கு மாறும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோவை பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை, ஊட்டியிலிருந்து இறங்கி வரும் பஸ்ஸும் சேர்ந்துகொள்ளும். ஆனால் சாய்பாபா காலனிப் பக்கம் மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி, காந்திபுரம் போய், அங்கே அவினாசி ரோடு டவுன் பஸ் பிடித்து, சித்ரா ஸ்டாப்பில் இறங்கி உள்ளே போக வேண்டும். இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மெமு ரயிலில் கோவை ஜங்ஷன் போய் அங்கிருந்து ஆட்டோ பிடிப்பது இதைவிடச் சுகம். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டிய ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்த பிறகு ஜங்ஷன் பக்கமிருந்து அவினாசி ரோட்டில் போகிறவர்களுக்கு முன்போலச் சிக்னல் சிக்னலாக நிற்கும் தொல்லை இல்லை. ஆனால் மெமு நேரமும் விமான நேரமும் ஒத்துப்போக வேண்டுமே. எல்லா நாளும் ஒத்துப்போகாது.

லக்கேஜைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க்காரர் வெறுங்கையோடு சென்னை போவதில்லை. மகள் வீட்டுக்கு வாழைத்தார், காரமடைக் கறிவேப்பிலை ஒரு கட்டு, ஊட்டி வர்க்கி, பூண்டு என்று மூட்டை சேர்ந்துவிடும். உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு வழக்கமாகப் பதினைந்து கிலோவும் கையில் ஏழு கிலோவும்தான். மேலே போனால் கிலோவுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும், அது வாழைத்தார் விலையைத் தாண்டிவிடும். கொப்பரைத் தேங்காயை எடுத்துப் போகாதீர்கள். எண்ணெய்ப் பசையால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று அதைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள்.

சென்னையில் எங்கே போகிறீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ரயிலா விமானமா என்று முடிவெடுக்கக் கூடாது. தாம்பரம், வேளச்சேரி, பழைய மகாபலிபுரம் ரோடு, கிண்டி என்றால் மீனம்பாக்கம் அருகில், விமானத்துக்குச் சாதகம். உயர் நீதிமன்றம், தலைமைச் செயலகம், பாரிமுனை, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை என்றால் ரயில் உங்களைக் கொண்டுபோய் அவற்றின் அருகிலேயே விடுகிறது. பொது மருத்துவமனை சென்ட்ரலுக்கு எதிரிலேயே இருக்கிறது, ரோட்டைத் தாண்டினால் போதும். விமானத்தில் போனால் மீனம்பாக்கத்தில் இறங்கி, பெல்ட்டில் பெட்டி வரும்வரை நின்று, விமான நிலைய மெட்ரோவில் ஏறி சென்ட்ரலோ உயர் நீதிமன்றமோ போக வேண்டும். மெட்ரோ இருப்பதால் போக்குவரத்து நெரிசலுக்குப் பயப்பட வேண்டாம். இறங்கியதிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

கூட்டிப் பாருங்கள். ஐந்தேகாலுக்கு வீட்டிலிருந்து கார், எட்டு மணிக்கு விமானம், ஒன்பது பத்துக்குச் சென்னை, பத்து இருபத்தைந்துக்கு உயர் நீதிமன்றம். ஐந்து மணி பத்து நிமிடம். அதில் பறந்தது முக்கால் மணி நேரம்.

நீலகிரி எக்ஸ்பிரஸ்

மேட்டுப்பாளையத்துக்கு இருக்கும் பெரிய வசதி என்று நான் நினைப்பது 12672 எண் நீலகிரி எக்ஸ்பிரஸ். இரவு ஒன்பது மணியை ஒட்டி நம் ஊர் நிலையத்திலிருந்தே புறப்பட்டு, கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் வழியாக ஏறத்தாழ 530 கிலோமீட்டர் ஓடி, காலை ஆறு மணியை ஒட்டிச் சென்ட்ரலில் நிற்கும். நேர அட்டவணை அவ்வப்போது சில நிமிடம் மாறும், கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணி நேரம். ஆனால் அந்த ஒன்பது மணி நேரமும் தூங்கும் நேரம். வீட்டில் இரவுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு நடந்தோ ஆட்டோவிலோ நிலையத்துக்குப் போய்ப் படுத்தால், கண் விழிக்கும்போது சென்னை. ஒரு நாள் வேலையும் கெடாது, விடியற்காலையில் எழுந்து ஓடவும் வேண்டாம்.

கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1873-இல் தண்டவாளம் போட்டது மலையேறுகிறவர்களுக்காக. அந்தக் கிளைப் பாதை இன்று இந்தச் சிற்றூரிலிருந்து தலைநகருக்கு நேரடி இரவு ரயில் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எத்தனையோ பெரிய ஊர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. ரயில் இங்கேயே புறப்படுவதால் பெட்டி காலியாக, விளக்குப் போட்டு, துடைத்துத் தயாராக நிற்கும். வயதானவர்கள் அவசரப்படாமல் ஏறி, பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளிச் சங்கிலி போட்டு, கீழ்ப் படுக்கையில் சால்வை விரித்து உட்காரலாம். கோவை ஜங்ஷனில் நெருக்கியடித்து ஏறிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

முன்பதிவு 2024 நவம்பர் முதல் அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கிறது. முன்பு நூற்று இருபது நாள் இருந்தது. தீபாவளி, பொங்கல், மே மாதம் என்றால் திறந்த நாளிலேயே எடுத்துவிட வேண்டும். அவசரத்துக்குத் தட்கல்: முந்தின நாள் காலை ஏசி வகுப்புக்குப் பத்து மணிக்கு, சாதாரண வகுப்புக்குப் பதினொரு மணிக்கு. காசைப் பற்றிச் சொல்வதானால், விமான நிலையத்துக்கு வாடகைக் காருக்குக் கொடுக்கும் தொகையே இந்த ரயிலின் மூன்றடுக்கு ஏசி டிக்கெட்டை நெருங்கிவிடுகிறது. விமான டிக்கெட் அதற்கு மேல்.

ஆகவே சென்னையில் காலை வேலை, மறுநாளும் அங்கே தங்கல் என்றால் நீலகிரி எக்ஸ்பிரஸ். காலை போய் மாலையே திரும்ப வேண்டும், மறுநாள் இங்கே இருந்தே ஆக வேண்டும் என்றால் விமானம். முதுகுவலி, மூட்டுவலி உள்ளவர்கள், அறுவை சிகிச்சை முடிந்து வருகிறவர்களுக்கும் விமானம்தான் நல்லது. சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள், அதற்குத் தனிக் கட்டணம் வாங்கும் வழக்கமில்லை. துக்கச் செய்தி வந்து உடனே கிளம்ப வேண்டும் என்றால் மணியைப் பாருங்கள். இரவு எட்டுக்குள் என்றால் நம் ஊர் ரயில். அதைத் தவறவிட்டால் காரில் கோவை ஜங்ஷன் போய், பத்து மணிக்கு மேல் கிளம்பும் சேரன் எக்ஸ்பிரஸ். அதுவும் போய்விட்டால் மறுநாள் காலை முதல் விமானம்.

பகலில் போக வந்தே பாரத் இருக்கிறது. 2023 ஏப்ரல் 8-இல் தொடங்கியது, கோவையிலிருந்து ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகச் சென்னை. காலை ஆறு மணிக்குக் கோவையில் ஏற வேண்டும் என்பதால் நாம் நாலே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். வீட்டிலிருந்து சென்ட்ரல் வரை ஏழு மணி நேரம். பகல் வெளிச்சத்தில் ஏற்காட்டு மலையையும் காவிரியையும் பார்த்துக்கொண்டு போக விரும்புகிறவர்களுக்கு நல்லது. சொந்தக் காரில் ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும், ஒருவரே ஓட்டுவதாக இருந்தால் வேண்டாம்.

மற்ற ஊர்களுக்கு ஒரு கைக்கணக்கு

எந்த ஊருக்கும் பறக்கும் நேரத்தை நீங்களே கணித்துக்கொள்ளலாம். நேர்கோட்டுத் தூரத்தை எண்ணூறால் வகுத்து, வரும் நேரத்தோடு முப்பத்தைந்து நிமிடம் சேர்த்தால் அட்டவணை நேரத்துக்கு மிக அருகில் வரும். அந்த முப்பத்தைந்து நிமிடம் உருள்வதற்கும் ஏறி இறங்குவதற்கும். கோவையிலிருந்து ஐதராபாத் ஏறத்தாழ 700 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். மும்பை ஆயிரம் கிலோமீட்டர், ஒன்றே முக்காலிலிருந்து இரண்டு மணி. டெல்லி நமக்கு நேர் வடக்கே இருக்கிறது. கோவை விமான நிலையமும் டெல்லி விமான நிலையமும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 77 பாகையில் நிற்கின்றன. 1,940 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். மார்கழி, தை மாதங்களில் டெல்லிப் பனிமூட்டத்தால் காலை விமானங்கள் தாமதமாகும். டெல்லியிலிருந்து வர வேண்டிய அதே விமானம்தான் மதியம் உங்களை ஏற்றிக்கொண்டு போகும் என்றால் இங்கே வெயில் அடித்தாலும் தாமதம் வந்து சேரும். அன்றைய முதல் விமானத்தைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான் நல்லது.

பெங்களூரு 250 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். ஆனால் தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் வர இன்னொரு ஒன்றரை மணி நேரம் ஆகும். நம் கணக்கில் பெங்களூருக்கு விமானம் பெரும்பாலும் தோற்றுவிடும். கோவையிலிருந்து உதய் எக்ஸ்பிரஸும், 2023 டிசம்பரில் தொடங்கிய வந்தே பாரத்தும் உண்டு. காரில் சத்தி, திம்பம் வழியாகப் போகிறவர்கள் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவையும், 2022 முதல் உள்ள இரவுத் தடையையும் நினைவில் வைக்க வேண்டும். கார்கள் இரவு ஒன்பதுக்குள் மலையைத் தாண்டிவிட வேண்டும், மறுபடி காலை ஆறு மணிக்குத்தான் விடுவார்கள்.

சிங்கப்பூர், சார்ஜா போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிக்கெட்டில் புறப்படும் நேரம் நம் நேரம், இறங்கும் நேரம் அந்த ஊர் நேரம். இரண்டையும் அப்படியே கழித்தால் தப்பான விடை வரும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இரவு எட்டுக்குக் கிளம்பி அங்கே இரண்டு ஐம்பதுக்கு இறங்கினால், கடிகாரம் ஆறு ஐம்பது காட்டினாலும் பறந்தது நான்கு மணி இருபது நிமிடம். 3,160 கிலோமீட்டருக்கு அது சரியான நேரம். சார்ஜா ஒன்றரை மணி நேரம் பின்னால். அதிகாலை நான்குக்குக் கிளம்பி ஆறரைக்கு இறங்கினால் இரண்டரை மணி நேரம் ஆகவில்லை, நான்கு மணி நேரம் ஆகியிருக்கிறது. மகனைக் கூப்பிட வருகிற உறவினருக்கு நேரம் சொல்லும்போது அந்த ஊர் நேரத்தையே சொல்லுங்கள். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்விட வேண்டும், ஆக வீட்டிலிருந்து நாலரை மணி நேரம் முன்பு.

மழைக் காலம்

ஐப்பசி, கார்த்திகையில் சென்னைப் பயணம் இருந்தால் ஒரு மாற்று வழி கையில் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் ஓடுதளத்தில் ஏறி விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலிலும் விமானங்கள் நின்றன. அந்த நாட்களில் ரயிலும் தப்பவில்லை, சென்ட்ரலுக்கு வர வேண்டியவை பல ரத்தாயின. நீதிமன்றத் தேதி, விசா நேர்காணல், கப்பலேறும் நாள் என்று தவறவே கூடாத வேலை இருந்தால் அந்த மாதங்களில் ஒரு நாள் முன்பே போய்த் தங்கிவிடுவதுதான் வழி.

சென்னையிலிருந்து திரும்பியும், மலைக்கும்

சென்னையிலிருந்து வருகிறவர்களும் இதே கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி நேர்கோட்டில் 28 கிலோமீட்டர் போலத்தான், சென்னை தூரத்தில் பதினாலில் ஒரு பங்கு. ஆனால் காலை ஏழு பத்துக்கு நம் நிலையத்தில் கிளம்பும் மலை ரயில் பன்னிரண்டு மணியை ஒட்டித்தான் ஊட்டி போய்ச் சேரும். 46 கிலோமீட்டர் பாதை, 208 வளைவு, 250 பாலம், 16 சுரங்கம். நிலையம் 326 மீட்டர் உயரத்தில், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாள நடுவில் பல்வரிசை பதித்திருக்கிறார்கள். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஒவ்வொரு பல்லாக ஏறும், நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். நடுவே தண்ணீர் பிடிக்க நிற்கும். குன்னூர்வரை 1899-இலும் ஊட்டிவரை 1908-இலும் ஓடத் தொடங்கிய பாதையை 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இதை ரசிக்க வேண்டுமானால் சென்னையிலிருந்து விமானத்தில் வருவது வீண். முதல் விமானத்தில் கோவையில் இறங்கி இங்கே வந்து சேருமுன் மலை ரயில் போய்விடும். 12671 நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறுங்கள். காலை ஆறு மணியை ஒட்டி இங்கே நிற்கும். அகலப் பாதை நடைமேடையிலிருந்து நடந்துபோனால் அந்தப் பக்கம் மீட்டர் பாதையில் நீல வண்ணப் பெட்டிகள் காத்திருக்கும். காபி குடிக்க நேரம் இருக்கிறது. மலை ரயிலுக்கும் சேர்த்து முன்பதிவு செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், நாளுக்கு ஒரு முறைதான் போகிறது. மழைக் காலத்தில் மண்சரிவால் கல்லாறு–குன்னூர் பகுதி அடிக்கடி நின்றுவிடும், முந்தின நாள் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவு விமானத்தில் கோவை வந்து இறங்குகிறவர்கள் மேட்டுப்பாளையம் வரை வண்டியை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. பத்து மணிக்கு மேல் பஸ் மாறி மாறி வருவது சிரமம். அதே இரவில் ஊட்டிக்கு ஏறலாம் என்று திட்டம் போடாதீர்கள். கல்லாறு தாண்டினால் யானை குறுக்கே வரும் காட்டு ரோடு, பதினான்கு கொண்டை ஊசி, மேலே போகப் போகப் பனிமூட்டம். மேட்டுப்பாளையத்தில் தங்கிவிட்டுக் காலை வெளிச்சம் வந்த பிறகு ஏறுங்கள். காரில் போவதாக இருந்தால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் கேட்கிறார்கள். மேட்டுப்பாளையம் டிஎன் 40 எண் வண்டியானாலும் எடுக்க வேண்டும், விலக்கு நீலகிரியின் டிஎன் 43 வண்டிகளுக்குத்தான். செல்போனிலேயே எடுத்துக்கொள்ளலாம். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. கோடை சீசனில் குன்னூர் ரோட்டை ஏறுவதற்கும் கோத்தகிரி ரோட்டை இறங்குவதற்கும் என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். கோத்தகிரி வழி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கூடுதல். திரும்பும் நாளில் விமானமோ ரயிலோ பிடிக்க வேண்டியிருந்தால், ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மூன்று மணி நேரம் வைத்து மேலிருந்து கிளம்புங்கள்.